மதநீக்கம் அல்ல, உலகியலாக்கம்

சென்னை மண்ணடியில் நடக்கும் முஸ்லிம் கூட்டங்களில் துருக்கி பற்றிய பேச்சு வந்தால், அந்தக் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கமாலைப் பற்றி 'கமால் பாஷா மதநீக்கம் செய்தார்' என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. திட்டுபவரும் அதைத்தான் சொல்கிறார், மெச்சுபவரும் அதைத்தான் சொல்கிறார். 'செக்யூலரைசேஷன்' என்பதற்குத் தமிழாக இருவரும் தவறான சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்.

செக்யூலரைசேஷனுக்கு வேர் லத்தீனின் 'சேகுலும்'. தலைமுறை, காலம், அதன் வழியே இவ்வுலகம் என்று பொருள். துருக்கியர் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு வழி வந்த 'லாயிக்'. அதன் கிரேக்க வேருக்கு மக்கள் என்று பொருள். குருமார் அல்லாதவர் என்பது பின்னால் வந்தது. இரண்டிலும் நீக்கம் எங்கே இருக்கிறது?

பணிநீக்கம் என்றால் ஆளுக்கு வேலை இல்லை. மதநீக்கம் என்றால் மதம் போயிருக்க வேண்டும். நடந்தது என்ன? 1924 மார்ச் 3 அன்று, முஸ்லிம்களின் தலைவர் என்ற கலிஃபா பதவியை ஒழித்தார்கள். அதே நாளில் 'தியானெத்' என்ற மத விவகார அலுவலகத்தைத் திறந்தார்கள். (நம் தியானத்துக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை, இது மார்க்கம் என்று பொருள்படும் அரபு 'தீன்' குடும்பத்துச் சொல்.) இமாம்கள் அரசின் பிடிக்குள் வந்தார்கள். 1932-இல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கையே துருக்கி மொழியில் சொல்ல வைத்தார்கள்: 'அல்லாஹு அக்பர்' போய், இறைவன் பெரியவன் என்ற அதே பொருளில் 'தன்ரி உலுதுர்' வந்தது. 1941-இலிருந்து அரபியில் பாங்கு சொன்னால் தண்டனை. மதத்தை நீக்கியவனுக்குப் பாங்கு எந்த மொழியில் இருந்தால் என்ன? அந்த அரசு செய்தது மதத்துக்கு மூக்கணாங்கயிறு போட்ட வேலை.

இதே சறுக்கல் துருக்கியிலும் நடந்தது. சிந்தனையாளர் ஸியா கோகால்ப் 'லாயிக்'கை 'லாதீனி' என்று பெயர்த்தார். 'லா' என்றால் இல்லை. தீன் இல்லாதது என்று படித்தவர்கள், இது இறைமறுப்பு என்று பிடித்துக்கொண்டார்கள்.

'மதச்சார்பின்மை' வேறு சங்கதி. அது 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் நம் அரசமைப்பின் முகப்புரையில் ஏறிய செக்யூலருக்குச் சரி. எந்தப் பக்கமும் சாயாத அரசு என்ற நிலை. தியானெத் சுன்னி வழிபாட்டைக் கவனித்தது, அலெவிகள் என்ற சிறுபான்மைப் பிரிவினரை வெளியே நிறுத்தியது. அங்கே சார்பு இன்மை எது? சிலர் 'மதச்சார்பின்மையாக்கம்' என்றும் எழுதுகிறார்கள். இன்மைக்குப் பின்னால் ஆக்கம்! வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தால் இப்படி எழுத மாட்டார்கள்.

'உலகியல்' தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல். மண்ணடிக் கடைக்காரரிடமும் இந்தப் பிரிவினை தயாராக இருக்கிறது: வியாபாரம் துன்யா (இவ்வுலகக்) காரியம், தொழுகை மார்க்கக் காரியம். திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை மூன்றும் மார்க்கக் கணக்கிலிருந்து துன்யா கணக்குக்குப் போனால் அது உலகியலாக்கம். 1926-இல் சுவிட்சர்லாந்தின் உரிமையியல் சட்டத்தைத் தழுவித் துருக்கி செய்தது அதுதான். சட்டம் போட்டுச் செய்தால் 'ஆக்கம்'. நகரமும் படிப்பும் பெருகித் தானாக நடந்தால் 'உலகியலாதல்'. பிறவினை, தன்வினை என்ற இந்த வசதி தமிழில் இருக்க, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்.

துருக்கியில் பின்னால் மார்க்கம் மீண்டும் வெளியே வந்ததை 'மறுமலர்ச்சி' என்பதும் பொருந்தவில்லை. 1925-இல் சூஃபி மடங்களான தைக்காக்களைப் பூட்டினார்கள். திக்ரு என்ற இறைநினைவு ஓதல் வீடுகளுக்குள் தொடர்ந்தது. மார்க்க அறிஞர் சயீத் நூர்சியின் எழுத்துகளைக் கையால் படியெடுத்துப் பரப்பினார்கள். பட்டுப்போகாத செடிக்கு ஏது மறுமலர்ச்சி? 1950 ஜூன் 16 அன்று அரபுப் பாங்கு திரும்பியதையும், 1951-இல் இமாம்களையும் பிரசங்கிகளையும் உருவாக்கும் இமாம் ஹத்தீப் பள்ளிகளை அரசே திறந்ததையும் சொல்ல 'மார்க்க எழுச்சி' போதும்.