விரட்டி அல்ல, கொல்லி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. ‘இயற்கை மூலிகைக் கொசுவிரட்டி. தேங்கிய நீரில் ஊற்றவும்.’ வாசித்துக் காட்டினேன். கீழ்வீட்டு ஆயா சிரித்துவிட்டார். “தண்ணில கீறது புழுப்பா. அதுக்கு ஏது றெக்கை? வெரட்டினா எங்க போவும்?”

இந்த மழைக்காலத்தில் இதே பிழையை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். ஆங்கில மூலச்சொல் ‘பொட்டானிக்கல் இன்செக்டிசைடு’, செடிகொடியிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லி. கிரேக்கத்தில் ‘பொட்டானே’ என்றால் புல், மேய்ச்சல். லத்தீனில் ‘இன்செக்டம்’ வெட்டுண்டது. பூச்சியின் உடல் துண்டு துண்டாக இருப்பதால் வந்த பெயர். ‘சைடு’ கொல்வது. இதில் விரட்டுவது எங்கே வந்தது?

நொச்சித்தழைப் புகை விரட்டி, சரி. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் அப்படியல்ல. புழுவைத் தோலுரிக்க விடாது, உரிக்க முடியாத புழு சாகும். மெதுவாகக் கொன்றாலும் கொல்லிதான். சாமந்திக்கு உறவான பைரெத்ரம் பூவின் சாறோ நரம்பைத் தாக்கிப் பறக்கிற கொசுவையே வீழ்த்திவிடும்.

‘இயற்கை’ இன்னும் மோசம். காதில் விழும்போதே ‘தீங்கில்லாதது’ என்று கேட்கிறது, விளம்பரக்காரருக்கு வேண்டியதும் அதுதான். பைரெத்ரமும் இயற்கைதான், ஆனால் மீனுக்குக் கடும் நஞ்சு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாக அள்ளி வீசலாமா? ‘மூலிகை’ என்றால் கஷாயம் நினைவுக்கு வருகிறது. ‘உயிரி’ என்பதைக் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. போன்ற பாக்டீரியாவுக்கு விட்டுவிடலாம்.

‘தாவரப் பூச்சிக்கொல்லி’ பரவாயில்லை என்பார்கள். அதைத் தாவரப்பூச்சி, கொல்லி என்று பிரித்தால் கத்தரிச்செடிப் புழுவுக்கு அடிப்பதாகிவிடும். ‘தாவரமே வடமொழி ஸ்தாவரம்’ என்று நண்பரொருவர், தாவரத்துக்குத் தனித்தமிழில் ‘நிலைத்திணை’ என்பதால், ‘நிலைத்திணைக்கொல்லி’யை நீட்டினார். செடியையே கொல்லச் சொல்கிறார் போலிருக்கிறது! தூய்மை எனக்கும் பிடிக்கும், தெளிவைத் தின்னாதவரை.

தெருவில் சொல்வது ‘கொசு மருந்து’. நல்ல சொல், ஆனால் கொல்லி, விரட்டி இரண்டையும் ஒரே பையில் போடுகிறது. ‘பூச்சி மருந்து’ என்றாலோ பிள்ளைக்கு வயிற்றுப்பூச்சிக்குக் கொடுப்பதும் அதுவே. ‘கொசுவத்தி’யைப் பாருங்கள். வத்தி, அவ்வளவுதான், எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஜப்பானில் முதலில் பைரெத்ரத் தூளில்தான் அதைச் செய்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்திருந்தால் ‘இயற்கைச் சுருள்வடிவக் கொசுவிரட்டி’ ஆகியிருக்கும்.

என் கணக்கில் ‘செடிவழிக் கொசுக்கொல்லி’. வேம்பு மரமாயிற்றே என்று மல்லுக்கு நிற்பவர்கள் ‘தாவரவழி’ என்று வைத்துக்கொள்ளட்டும், ‘வழி’ மட்டும் இருந்தால் சரி. பக்கிங்காம் கால்வாயிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் நெளிவதற்கு ஊற்றுவது ‘கொசுப்புழுக்கொல்லி’. ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன், மறுபடி விளக்கம் கேட்கவில்லை.