ஸ்ட்ரைப்டு பாஸ் பிடித்தால் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் தூண்டில் போடுகிறவருக்கு ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற கோடுபோட்ட கடல் மீன் சிக்கினால், ஒரு நாளைக்கு ஒரு மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதன் நீளம் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. 40 அங்குல மீன் கிடைத்தாலும் திரும்ப விட்டுவிட வேண்டியதுதான். அதே கரையிலுள்ள செசபீக் விரிகுடாவுக்குள் இந்த அளவு 19 முதல் 24 அங்குலம். அங்கேயும் ஒரு மீன்தான்.

சின்னதை விடச் சொல்வது எல்லோருக்கும் புரிகிறது. பெரியதை ஏன் விட வேண்டும் என்பதில்தான் பலருக்கும் மனத்தாங்கல். பதில் அந்த மீன் குஞ்சு பொரிக்கும் விதத்தில் இருக்கிறது.

ஏரிகளில் கிடைக்கும் லார்ஜ்மவுத் பாஸ் தரையில் கூடு போல ஒரு குழி பறித்து முட்டையிடும். ஆண்மீன் காவல் காக்கும். ஸ்ட்ரைப்டு பாஸுக்கு அந்தக் காவல் இல்லை. கடலில் வாழ்ந்து, வசந்த காலத்தில் ஆற்றுக்குள் ஏறி, ஓடும் நீரிலேயே முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நாள் மிதந்தபடியே பொரிந்தால் உண்டு. குளிர், மழை, நீரோட்டம் எது மாறினாலும் அந்த வருடக் குஞ்சுகள் போச்சு. இந்த இழப்பை ஈடுகட்டுவது முட்டைகளின் எண்ணிக்கைதான். ஒரு பெரிய தாய்மீன் ஒரு பருவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். மிகப் பெரிய ஸ்ட்ரைப்டு பாஸ் ஏறக்குறைய எல்லாமே பெண்மீன்கள். ஆகவே 31 என்ற மேல்வரம்பு தாய்மீனுக்கான காப்பு. இந்த விதியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

விதியை வகுப்பது அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம். 1942-இல் தொடங்கிய அமைப்பு இது. ஆணையம் பொது வரம்பை வைக்கும். ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமாக்கும். பின்பற்றாத மாநிலத்தில் இந்த மீனைப் பிடிப்பதையே மத்திய அரசு நிறுத்தி வைக்க 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டம் வந்த நேரத்தில் மீன்வளம் அடியோடு சரிந்திருந்தது. செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை முழுத் தடையே போட்டது. பலன் கிடைத்தது; 1995-இல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள்.

அப்புறம் மறுபடியும் சரிவு. அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று 2019-இல் வெளியான மதிப்பீடு சொன்னது. 2020-இல் 28 முதல் 35 அங்குலம் என்று வரம்பு வந்தது. 2022-இல் தூண்டில்காரர்கள் வைத்துக்கொண்ட மீன்கள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 2015-இல் பொரிந்த பெரிய கூட்டம் சரியாக அந்த அளவுக்குள் வளர்ந்து வந்திருந்ததுதான் காரணம். அதைக் காப்பாற்ற 2023 மே மாதம் அவசரமாக 31 அங்குலத்துக்கு இறக்கினார்கள். 2024-இல் அதுவே நிலையானது. 2029-க்குள் மீன்வளத்தை மீட்பது இலக்கு. அவசரப்பட்டதில் தப்பில்லை. மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கெடுப்பில் ஒரு வலை இழுப்புக்கு நீண்டகாலச் சராசரி 11 குஞ்சுகள். 2023-இல் கிடைத்தது வெறும் 1.

சரி, பாஸ் என்ற பெயரில் பல மீன்கள் உண்டே, கையில் இருப்பது எந்த பாஸ்? இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஸ்ட்ரைப்டு பாஸுக்கு வெள்ளி உடலில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் தலையிலிருந்து வால்வரை அறுபடாமல் ஓடும். அதன் உறவான ஒயிட் பாஸ் சிறியது, முதுகு உயர்ந்தது, கோடுகள் மங்கல். இரண்டையும் கலந்து உருவாக்கிய கலப்பினத்துக்குக் கோடுகள் உடைந்து உடைந்து இருக்கும். நியூஜெர்சியில் அதுவும் ஸ்ட்ரைப்டு பாஸ் விதிக்குள்தான் வரும். பச்சை நிற லார்ஜ்மவுத், நன்னீர் மீன், வேறு குடும்பம். பிளாக் சீ பாஸ் நம் களவாவுக்கு உறவான கடல் மீன். அதற்குக் குறைந்தபட்ச நீளமும் பருவமும் தனி. நம் ஊர்க் கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசிய சீ பாஸ் என்று சொன்னாலும் அதுவும் வேறு குடும்பம். வழக்கமும் நேர்மாறு: கொடுவா ஆற்றில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும்.

நீளத்தை வாயை மூடி, வால் மடல்களை ஒன்றாக அழுத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். மீன் துண்டோ புழுவோ இரையாகக் கோத்தால், முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் ஹூக் கட்டாயம். அது தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். மீனைக் கொக்கிக் கம்பியால் குத்தித் தூக்கக் கூடாது. விடப்படும் மீன்களில் 9 சதவீதம் செத்துவிடுவதாக ஆணையம் கணக்கு வைக்கிறது. அதனால் ஈரக் கையால் பிடித்து, படம் எடுக்க நேரம் கடத்தாமல் நீரில் விடுங்கள்.

நியூஜெர்சியில் கடலில் தூண்டில் போடுகிறவர்கள் பெயரைப் பதிவது இலவசம், ஆனால் இந்த மீனை அங்கே பிடித்து விற்க முடியாது. தடைக் காலங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளம்பும் முன் அந்தந்த மாநில மீன்வளத் துறையின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் மத்திய அரசின் நீர்ப்பரப்பு. அங்கே 1990 முதல் ஸ்ட்ரைப்டு பாஸைத் தேடிப் பிடிப்பதற்கே தடை, பிடித்து விடுவதும் சேர்த்துத்தான். வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தற்செயலாக மாட்டினால், எந்த அளவாக இருந்தாலும் உடனே விட்டுவிட வேண்டும்.