கெய்சர்: பீறிடும் வெந்நீரூற்று

குளியலறைச் சுவரில் தொங்கும் கீசருக்கும் பூமிக்குள்ளிருந்து வெந்நீரை விசிறும் கெய்சருக்கும் பெயர் ஒன்றுதான். இரண்டும் ஐஸ்லாந்தில் உள்ள ஒரே ஊற்றின் பெயரிலிருந்து வந்தவை. தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே ஹவுகதாலூர் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள பெரிய ஊற்றின் இடுபெயர் கெய்சிர். பீறிட்டுப் பாய்வதைக் குறிக்கும் 'கெய்சா' என்ற பழைய வினைச்சொல் அதன் வேர். அந்த ஒன்றைப் பார்த்த ஐரோப்பியர் அதன் பெயரையே அந்த வகை முழுவதற்கும் பொதுப்பெயராக்கிவிட்டார்கள். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து, அதற்கும் கெய்சர் என்றே பெயர் வைத்தார். ஆங்கிலேயர் வழியாக அந்தச் சொல் நம் குளியலறை வரை வந்தது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கோ கெய்சிர் இன்றும் ஓர் ஊற்றின் பெயர் மட்டுமே. அந்த வகைக்கு அவர்கள் வழங்கும் சொல் 'கோஸ்க்வேர்'. 'கோஸ்' என்றால் பீறிடல். 'க்வேர்' என்றால் கொதிக்கும் ஊற்று. இறங்கிக் குளிக்கும் சூட்டில் உள்ள ஊற்றுக்கு 'லொய்க்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நாம் இந்த மூன்றையும் 'வெந்நீர் ஊற்று' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகள் வெந்நீர் ஊற்றுகள். அங்கே தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். இமாசலத்தின் மணிகரணில் அரிசி வேகும் அளவுக்குச் சூடு உண்டு; அதைக் கொதிநீர் ஊற்று என்பது சரி. இவை எதுவும் கெய்சர் ஆகா. தேங்கி நின்று, கொதித்து, ஆவியால் தள்ளப்பட்டு விட்டுவிட்டுப் பீறிட்டால்தான் கெய்சர்.

சூடு, தண்ணீர், குறுகலான குழாய் மூன்றும் ஓரிடத்தில் கூடவேண்டும். அதனால்தான் கெய்சர்கள் இவ்வளவு அரிது. உலகில் உள்ளவற்றில் ஏறத்தாழ பாதி, சுமார் 500, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் இருக்கின்றன. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி ரஷ்யாவின் கம்சாத்கா, சிலியின் எல் தாத்தியோ, நியூசிலாந்து, ஐஸ்லாந்து ஆகிய இடங்களில். மூன்றில் சூடும் தண்ணீரும் எரிமலை நாடுகள் பலவற்றில் உண்டு, கிடைக்காதது குழாய்தான். ரயோலைட் போன்ற எரிமலைப் பாறையில் சிலிக்கா, அதாவது மணலில் உள்ள கனிமப் பொருள், நிறைய இருக்கும். சூடான நீர் அதைக் கரைத்து மேலே கொண்டுவந்து, ஆறும்போது குழாயின் சுவரில் படியவிடுகிறது. அந்தப் பூச்சுதான் அழுத்தம் கசியாமல் காக்கிறது.

கெய்சர் வேலை செய்யும் விதத்தை 1846-இல் ஐஸ்லாந்து சென்ற ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் பன்சன் குழாய்க்குள் வெப்பமானியை இறக்கி அளந்து விளக்கினார். நீரின் கொதிநிலை அதன் மேலுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. தரை மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 120 பாகை வரையும், 20 மீட்டரில் ஏறத்தாழ 134 பாகை வரையும் கொதிக்காமல் நிற்கும். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் குக்கர் மூடியைப் போல அமுக்கிக்கொண்டிருக்கிறது. அகலமான குழாயாக இருந்தால் சூடான நீர் மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கி, சூடு பரவிப்போயிருக்கும். குறுகல் அதைத் தடுக்கிறது. ஓரிடத்தில் நீர் கொதிநிலையைத் தொட்டதும் குமிழிகள் எழும்பி மேலே உள்ள நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளுகின்றன. பாரம் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த நீருக்கு இப்போது தன் கொதிநிலையைவிடச் சூடு அதிகம், உடனே ஆவியாகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் நீராவி நீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். அடுத்த நொடி தண்ணீர் வானத்தில். குழாய் காலியானதும், சுற்றியுள்ள பாறைப் பிளவுகளிலிருந்து நீர் மறுபடி ஊறி நிறையும்வரை காத்திருக்கவேண்டும்.

கெய்சரைத் தமிழில் 'வெந்நீர்ப் பீச்சூற்று' என்று சொல்லலாமா? பீச்சுவதற்கு வெளியிலிருந்து ஒரு கை அமுக்கவேண்டும், பால் பீச்சுவதைப் போல. பீறிடுவது தானாக நடப்பது. ஆகவே 'பீறிடும் வெந்நீரூற்று' என்பதே பொருத்தம். கோஸ்க்வேருக்கும் அது நேர் நிகர். நிகழ்வைப் 'பீறிடல்' என்று எழுதுங்கள். 'பீறல்' என்றால் கிழிசல் என்றும் பொருள்படும்.

குழாய் நுட்பமானது என்பதால் எளிதில் கெட்டுப்போகும். பெரிய கெய்சிர் 1896 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுறுசுறுப்பாகி, 1916-இல் ஏறக்குறைய நின்றேபோனது. 1935-இல் விளிம்பில் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். பாரம் குறைந்ததும் மீண்டும் பீறிட்டது. நாளடைவில் கால்வாயைச் சிலிக்கா அடைத்தது. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துக் குமிழி எழச் செய்யும் என்று சவர்க்காரம் கொட்டியும் பார்த்தார்கள். பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. யெல்லோஸ்டோனின் மினிட் கெய்சரை ஒரு காலத்தில் பார்வையாளர்கள் கல்லெறிந்தே அடைத்துவிட்டார்கள். நாணயம் எறிவதும் அதே பாவம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஹவுகதாலூரில் நம்பகமானது பக்கத்திலுள்ள ஸ்த்ரோக்கூர். வெண்ணெய் கடையும் கலம் என்பது அந்தப் பெயரின் பொருள். 1963-இல் அதன் அடைபட்ட குழாயைத் தூர்வாரினார்கள். அன்று முதல் ஒழுங்காகப் பீறிடுகிறது. 6 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர் உயரம், எப்போதாவது 40 மீட்டர். பீறிடும் முன் நீர் ஏறி இறங்கி மூச்சு விடும்; பிறகு நீல நிறக் குமிழ் ஒன்று கவிழ்த்த கிண்ணமாகப் புடைக்கும். அது நிற்பது ஒரு நொடிகூட இல்லை. புடைப்பைப் பார்த்தபின் கேமராவை எடுத்தால் பிந்திவிடும். நீர் ஏறத் தொடங்கும்போதே தொடர்ச்சியாகப் படம் எடுக்கத் தொடங்கவேண்டும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமே நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் நீர்த்திவலை மேலே விழும். லென்ஸில் பட்ட துளிகளை உடனே துடையுங்கள். காய்ந்தால் சிலிக்கா வெள்ளைக் கறையாக ஒட்டிக்கொள்ளும். கயிற்றுக்கு அப்பால் கால் வைக்கவே கூடாது. ஊற்றைச் சுற்றியுள்ள தரை சில இடங்களில் மெல்லிய ஓடுதான், அதற்கடியில் கொதிநீர். குளிர்காலத்தில் சிதறிய நீர் நடைபாதையில் உறைந்து வழுக்கும். காலணியில் மாட்டும் முள்பட்டை உதவும்.

யெல்லோஸ்டோனின் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற கெய்சருக்குக் கடிகாரம் தேவை. அங்கே முந்தைய பீறிடல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்து அடுத்ததைக் கணிக்கிறார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்திருந்தால் சுமார் 65 நிமிடத்தில் அடுத்தது. அதற்கு மேல் நீடித்திருந்தால் உள்ளே அதிக நீர் காலியாகியிருக்கும், சுமார் 90 நிமிடம் ஆகும். கணிப்பு 10 நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம், ஆகவே கால் மணி நேரம் முன்பே போய் இடம் பிடிப்பது நல்லது.