நாற்று விடும் முன்பே பேச வேண்டிய பேரம்: ஆலைக்குப் போகும் தக்காளி

பங்குனி பிறந்தால் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி, எஸ்.புதூர் பக்கத்துக் கிணற்றுத் தோட்டங்களில் தக்காளி மொத்தமாகப் பழுக்கிறது. அதே நாட்களில் ஒட்டன்சத்திரம், பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளிலும் வரத்து குவிகிறது. விற்ற பணம் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்ற நிலை வந்த பிறகுதான், "தக்காளிக் கூழ் ஆலைக்குப் பேசிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறோம். அந்த நேரத்தில் பேசப் போனால் அவர்கள் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிவந்த பழம் செடியில் நான்கு நாள் தாங்காது என்பது ஆலைக்காரருக்கும் தெரியும்.

பேரத்துக்கு உரிய காலம் ஐப்பசி, கார்த்திகை. குழித்தட்டில் நாற்று 25 நாள், நட்டபின் முதல் பறிப்புக்கு 65 முதல் 75 நாள் என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் லாரி ஏற வேண்டுமென்றால் நவம்பரில் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். நாற்றுக்கு முன்பணம் கொடுத்த பிறகு பேசுகிறவரிடம் பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.

கரும்பை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். படமாத்தூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிகிறவருக்கு வெட்டு உத்தரவு உண்டு. 2024-25 பருவத்துக்கு 10.25 சதவீதக் கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை) உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவைக்காகப் போராட்டங்கள் நடந்தாலும், கேட்பதற்கு ஒரு சட்டம் கையில் இருக்கிறது. தக்காளிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கரும்புக்குச் சட்டம் எழுதிவைத்ததைத் தக்காளிக்கு விவசாயிகளே கூடி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆலைத் தக்காளிக்குப் பேர்போன கலிபோர்னியாவில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே விவசாயிகள் சங்கம் ஒவ்வொரு ஆண்டும் ஆலைகளோடு உட்கார்ந்து விலை பேசுகிறது. 2023-ல் டன்னுக்கு 138 டாலர் என்று முடிந்தது. அவர்களுடைய டன் 907 கிலோ, ஆகவே கிலோவுக்கு அன்றைய மதிப்பில் சுமார் 12½ ரூபாய். ஒரே பறிப்பாக இயந்திரத்தில் அறுவடை செய்கிற அந்த விலையை, கையால் எட்டுப் பத்துப் பறிப்பு பறிக்கிற நம் தோட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய தரச்சோதனை ஏற்பாட்டை. லாரியில் வரும் பழத்தின் தரத்தை ஆலையின் ஆளும் சோதிப்பதில்லை, விவசாயியும் சோதிப்பதில்லை. இரு தரப்பும் பணம் போட்டு நடத்தும் பொது அமைப்பு மாதிரி எடுத்து, பச்சை, பூஞ்சை, புழு, நிறம், இனிப்பளவு எல்லாம் பார்த்துச் சீட்டு கொடுக்கிறது.

நம் பக்கம் பணம் கரைகிற இடமும் அதுதான். ஓர் ஆலை கிலோ 10 ரூபாய் என்கிறது, இன்னொன்று 9.50 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் ஆலையில் எடை போடுவது இறக்கும்போது. 5,000 கிலோ ஏற்றிய லாரி வெயிலில் காத்திருந்து சாறு வடிந்து 2 சதவீதம் குறைந்தால் 4,900 கிலோ. அதில் 8 சதவீதம் கழிவு பிடித்தால் 4,508 கிலோ. கைக்கு வருவது 45,080 ரூபாய். மற்ற ஆலை லாரி வாசலில் நுழைந்ததும் எடைமேடையில் ஏற்றி, கழிவை 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 4,900 கிலோ, 46,550 ரூபாய். அரை ரூபாய் குறைந்த விலை 1,470 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. கூட்டத்தில் கிலோ விலையைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் வாதாடி, எடை எங்கே, கழிவை யார் முடிவு செய்வது என்பதைப் பேசாமல் எழுந்து வருவதுதான் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் பெரிய தவறு.

ஆகவே ஒப்பந்தத்தில் வாசல் எடை என்று எழுத வேண்டும். ஏற்றிய இடத்து எடைச்சீட்டும் லாரியோடு போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்த லாரியை ஆறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால், அதற்குப் பின் அழுகிய பழம் ஆலையின் கணக்கு. கழிவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். அதைத் தாண்டினால் நம் விவசாயிகள் சங்கத்தின் ஆள் முன்னிலையில் ஐந்து கிரேட் (பழப்பெட்டி) பிரித்து எடைபோட்டுப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கழித்த பழத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதுங்கள். கழிவென்று பணம் பிடித்துவிட்டு அதே பழத்தைக் கூழாக்கினால் அதற்கும் விலை கேட்க வேண்டியதுதானே!

அடுத்தது பிரிக்ஸ். பாலுக்குக் கொழுப்பும் இதர சத்தும் எப்படியோ, ஆலைத் தக்காளிக்குப் பிரிக்ஸ் அப்படி. சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் சதவீதம் அது. 28 பிரிக்ஸ் விழுது ஒரு கிலோ எடுக்க 5 பிரிக்ஸ் பழம் 5.6 கிலோ போதும், 4 பிரிக்ஸ் பழம் 7 கிலோ வேண்டும். தோல், விதைச் சேதாரம் தனி. பத்து டன் பழத்தில் இந்த ஒரு புள்ளியால் 357 கிலோ விழுது கூடுகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது. பிரிக்ஸ் குறைந்தால் விலை பிடிக்கிற ஆலை, கூடினால் ஊக்கத்தொகை தர வேண்டும் என்று கேட்பதற்கு இந்தக் கணக்கே போதும். 4.5-ஐ அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு 0.1-க்கும் ஏறவும் இறங்கவும் ஒரே தொகை என்று பேசுங்கள்.

இதற்குச் சங்கத்திடம் சொந்தமாக ஒரு கையடக்க பிரிக்ஸ் மானி இருக்க வேண்டும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மானி 20 டிகிரி வெப்பத்துக்கு அளவிடப்பட்டது. காரைக்குடி வெயிலில் 35 டிகிரியில் பார்த்தால் ஏறத்தாழ ஒரு புள்ளி குறைத்துக் காட்டும். பழத்தைச் சோதிக்கும் அதே இடத்தில் வைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பூஜ்ஜியம் வைத்தபின் அளந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். மேல் கிரேட்டில் மட்டும் பழம் எடுக்கக் கூடாது. மேல், நடு, அடி என்று பத்துப் பழம் எடுத்து, எல்லாவற்றையும் பிழிந்து கலந்து, துணியில் வடிகட்டி, மூன்று முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள். ஆலையின் அளவும் நம் அளவும் 0.3-க்கு மேல் மாறினால் இருவரும் சேர்ந்து மறுபடி அளப்பது என்று ஒரு வரி போதும்.

பறிப்புக்கு முந்தைய நாள் தண்ணீர் கட்டினால் எடை கூடும், பிரிக்ஸ் விழும். ஒரேயடியாகத் தண்ணீரை நிறுத்தினாலோ நம் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். சொட்டுநீரில் அளவைக் குறைத்து, ஆனால் ஒழுங்காகக் கொடுப்பதே வழி. நிறமும் இங்கே தனிக் கவலை. சிவப்பு நிறம் தரும் லைகோபீன் 30, 32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. ஏப்ரல் வெயிலில் இலை மறைப்பு இல்லாத பழம் மஞ்சளடித்து நிற்கும், ஆலை கழிக்கும். ஒப்பந்தத்தை ஏப்ரல் நடுவோடு முடித்துக்கொள்வது நம் ஊருக்கு நல்லது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 சந்தைக்கும் தூரப் பயணத்துக்கும் ஏற்றது, காம்புப் பக்கம் பச்சை தங்கும். அர்கா ரக்ஷக் போன்ற கெட்டியான பழம் சந்தைக்கும் ஆலைக்கும் செல்லும். எந்த ரகம் என்பதை ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் சொன்ன ரகத்தை நட்டபின் ரகம் சரியில்லை என்று கழிக்க முடியாது.

அடிவிலையை எப்படிக் கணக்கிடுவது? நல்ல விளைச்சலை வைத்துப் போட்டால் ஏமாந்துபோவோம். உதாரணத்துக்கு, ஏக்கருக்குச் சாகுபடிச் செலவு 70,000 ரூபாய், பறித்து ஏற்றி அனுப்பக் கிலோவுக்கு 2.50 என்று கொள்வோம். 12 டன் பறித்து 10 சதவீதம் சேதாரம் போனால் அடக்கம் கிலோ 9.26 ரூபாய். இலைச்சுருட்டை நோய் வந்து 8 டன்னோடு நின்றால் அதே சேதாரத்தில் 12.50 ரூபாய். இரண்டையும் மேசையில் வைத்து, இடையில் எங்கே நிற்க முடியும் என்று உறுப்பினர் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானியுங்கள். வாடகை, கூலி எல்லாம் உங்கள் ஊர்க் கணக்கில் இருக்கட்டும்.

கூட்டுப் பேரம் உடைவது பெரும்பாலும் ஆலையால் அல்ல. வெளிச்சந்தையில் விலை ஏறியதும் பாதிப் பேர் பழத்தை வேனில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பிவிடுவதால்தான். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் 9 ரூபாய் ஒப்பந்தத்தைக் காப்பாற்று என்று கடன் சுமந்த விவசாயியிடம் வெறும் வாயால் சொல்லிப் பயனில்லை. எனவே விளைச்சலில் 60 சதவீதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள், மீதி அவரவர் விருப்பம். ஒட்டன்சத்திர மொத்த விலையின் மூன்று நாள் சராசரி, அடிவிலையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதி விவசாயிக்கு என்று சூத்திரம் வையுங்கள். அதன் பிறகும் லாரியைத் திருப்பிய உறுப்பினருக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. இதில் சங்கம் கண்டிப்பாக இருந்தால்தான் ஆலை இரண்டாம் ஆண்டும் தேடி வரும்.

கையெழுத்துப் போடச் சங்கத்துக்குச் சட்ட உருவம் வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப் பத்து விவசாயிகள் போதும். மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில் சேரச் சமவெளியில் 300 பேர் வேண்டியிருந்தது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சந்தை சரிந்தாலும் ஒப்பந்த விலையைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டு ஒப்பந்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பதியாத தாள் சண்டை வந்தால் உதவாது.

நம்மிடம் பேரத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு மாம்பழ வரத்து மே கடைசியில்தான் சூடுபிடிக்கும். மார்ச், ஏப்ரலில் ஒழுங்காக வரும் தக்காளி அவர்களுடைய வெறும் நாட்களை நிரப்பும். தினம் 5 டன் வீதம் 40 நாள் என்றால் 200 டன், ஏக்கருக்கு 10 டன் கணக்கில் ஆலைக்கு மட்டும் 20 ஏக்கர். பழத்தில் 60 சதவீதம்தான் அங்கே போகும் என்பதால் 33, 34 ஏக்கர் நட வேண்டியிருக்கும். ஒரே வாரத்தில் நட்டுவிடாமல் வாரம் எட்டரை ஏக்கராக நான்கு வாரம் பிரித்து நடுவதே இதற்கு அச்சாணி. இடையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். 20 கிலோவுக்கு மேல் கிரேட்டை நிரப்பாமல், மாலையில் ஏற்றி இரவில் ஓட்டினால்தான் பழம் உருப்படியாகச் சேரும்.

உள்ளூரிலும் ஆள் உண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தொக்கும் குழம்புப் பொடியும் செய்து வெளியூர் அனுப்புகிற ஆச்சிமார், சமையல் ஒப்பந்தக்காரர்கள் வாரம் 200, 300 கிலோ எடுப்பார்கள். அவர்களுக்கும் தண்ணீர் குறைந்த பழம்தான் வேண்டும், சட்டியில் வற்றவைக்கும் நேரம் மிச்சம். லாரி வாடகையும் காத்திருப்பும் இல்லாததால் ஆலை விலையைவிட ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கலாம். அவர்களிடமும் தனித்தனியாகப் போய் விலையைக் குறைத்துக்கொள்ளாமல், வாரக் கிழமையும் அளவும் குறித்துச் சங்கம் வழியாகவே கொடுங்கள். பணம் அன்றைக்கே, ரசீதோடு.