ரஸ்ட்டில் ஒரு ஸ்ட்ரிங் யாருக்குச் சொந்தம்?

ரஸ்ட் நிரல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துகளின் தொடரில்தான், முதலில் முட்டிக்கொள்கிறார்கள். 2021-இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து இம்மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே 'பெயர்' என்ற மாறியில் ஒரு ஸ்ட்ரிங்கை வைத்திருப்பதாகக் கொள்வோம். அதை 'நகல்' என்ற மாறிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'பெயர்' மாறியை அச்சிடச் சொன்னால், நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் மறுத்துவிடும். அந்த மதிப்பு இப்போது அங்கே இல்லை, நகர்ந்துவிட்டது என்று 0382 எண்ணிட்ட பிழை வரும். ஜாவாவிலும் பைத்தானிலும் இது சிக்கலே இல்லாமல் ஓடும். எண்களை வைத்துச் செய்தால் ரஸ்ட்டிலும் ஓடும்.

காரணம் நினைவகத்தில் இருக்கிறது. 64 பிட் கணினியில் ஒரு ஸ்ட்ரிங் மாறி பிடிக்கும் இடம் 24 பைட். எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரி, இப்போதைய நீளம், ஒதுக்கி வைத்திருக்கும் கொள்ளளவு என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட். எழுத்துகள் தனியே ஹீப் பகுதியில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில், கிடக்கின்றன. ஒரு ஸ்ட்ரிங்கை வேறு மாறிக்குக் கொடுக்கும்போது இந்த 24 பைட் மட்டுமே போகிறது. பழைய மாறியும் செல்லுபடியாகவே இருந்தால் இரண்டுமே ஒரே ஹீப் இடத்தைக் காட்டும். வேலை முடிந்ததும் இரண்டுமே அந்த இடத்தை விடுவிக்கப் பார்க்கும். ஒருமுறை விடுவித்த இடத்தை மறுமுறை விடுவிப்பது நிரலைக் குலைக்கும், தாக்குபவர்களுக்கும் வழி திறந்துவிடும். எண்ணுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதற்கு ஹீப்பில் எதுவும் இல்லை.

ஜாவாவில் குப்பை சேகரிப்பான் ஒன்று நிரல் ஓடும்போது கூடவே ஓடி, தேவையற்ற இடங்களை மீட்கிறது. சி மொழியில் அந்தப் பொறுப்பு முழுக்க நிரலருடையது. ரஸ்ட் இரண்டையும் விட்டு மூன்றாவது வழியில் போனது. ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்; அந்த மாறியின் எல்லை முடியும் இடத்தில் நினைவகம் தானாக விடுவிக்கப்படும். எந்த இடத்தில் என்பதைக் கம்பைலரே முன்கூட்டிக் கணித்துவிடுகிறது. உண்மையிலேயே இரண்டு பிரதி வேண்டுமென்றால் 'குளோன்' என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். செலவாகும் வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

பிடிவாதத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. சி மொழியின் ஸ்ட்ரிங் தன் நீளத்தை எங்கும் குறித்து வைப்பதில்லை; பூஜ்ய பைட் வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். 1988-இல் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல், 512 பைட் இடத்துக்குள் அதைவிட நீளமான வரியை அனுப்பி உள்ளே நுழைந்தது. வரியை வாங்கிய 'கெட்ஸ்' என்ற செயற்கூறு இடம் எவ்வளவு என்று பார்க்கவே பார்க்காது. அதைச் சி மொழியின் தர வரையறையிலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2006-இல் கிரேடன் ஹோர் தனி முயற்சியாகத் தொடங்கி, மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015-இல் 1.0 ஆக வெளிவந்த ரஸ்ட் குறிவைத்தது இத்தகைய பிழைகளைத்தான்.

எல்லாவற்றுக்கும் உரிமையை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பார்த்தால் போதும் என்னும்போது இரவல் வாங்கலாம். ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லை எடுத்துத் தரும் செயற்கூறு, எழுத்துகளைப் பிரதி எடுக்காமல், முகவரியும் நீளமும் மட்டும் கொண்ட 16 பைட் துண்டு ஒன்றைத் திருப்பித் தரும். அந்தத் துண்டு இன்னும் பயன்பாட்டில் இருக்கும்போது மூல ஸ்ட்ரிங்கை அழிக்க முயன்றால் கம்பைலர் விடாது. அழிப்பதை ஏன் தடுக்கிறது என்பது புரிகிறது. கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதைக்கூட ஏன் தடுக்க வேண்டும்? கொள்ளளவு நிரம்பியிருந்தால் ஒரே ஓர் எழுத்துக்காக முழு ஸ்ட்ரிங்கும் பெரிய இடத்துக்குக் குடிபெயர நேரலாம். அப்போது துண்டிடம் இருக்கும் முகவரி காலி இடத்தைக் காட்டும். படிப்பவர் எத்தனை பேரும் இருக்கலாம், மாற்றுபவர் இருந்தால் அவர் ஒருவரே இருக்க வேண்டும் என்ற விதியின் வேர் இங்கேதான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கம்பைலர் பிழைகள் வருமுன்பே தெரிந்துவிடும்.

இனி எழுத்துகள். ரஸ்ட் ஸ்ட்ரிங் எப்போதும் முறையான யுடிஎஃப்-8 ஆகவே இருக்கும்; உலக மொழிகளின் எழுத்துகளுக்கு யூனிகோட் தரும் குறிகளைப் பைட்களாக எழுதும் முறை அது. அதில் தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். 'தமிழ்' என்பதன் நீளம் கேட்டால் 15 என்று பதில் வரும். குறிகளாக எண்ணினால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் 3 எழுத்து. முதல் எழுத்தைக் கொடு என்று எண் போட்டுக் கேட்பதை ரஸ்ட் அனுமதிப்பதில்லை. எந்தக் கணக்கில் முதல் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பைட் எல்லை கொடுத்து வெட்டலாம். முதல் 3 பைட்டை வெட்டினால் 'த' வரும். முதல் 1 பைட்டை மட்டும் கேட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

முதல் 6 பைட்டைக் கேட்டால்? பிழை எதுவும் வராது. 'தம' என்று கிடைக்கும். இகரக் குறி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். குறிகளைத் தலைகீழாக அடுக்கினாலும் இதே கதைதான்: புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும், 'மி'யின் இகரம் 'ழ'வுக்குப் போய்விடும். நினைவகம் பத்திரமாக இருக்கும், தமிழ் இருக்காது. எழுத்தாகப் பிரிக்க 'யூனிகோட்-செக்மெண்டேஷன்' என்ற கூடுதல் நூலகம் வேண்டும். தமிழ் உரையைக் கையாளும் எந்த ரஸ்ட் நிரலிலும் அதை முதல் நாளே சேர்த்துவிடுவது நல்லது.

அதுவும் தீர்க்காத ஒன்று உண்டு. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியும் சேர்த்து 6 பைட்டில் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ரஸ்ட் ஒப்பிடுவது பைட்களை, ஆகவே இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிடும். பெயர்ப் பட்டியலில் 'கொற்றவை'யைத் தேடும் நிரல், ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் 'யூனிகோட்-நார்மலைசேஷன்' நூலகம் தரும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.