உப்புசத்துக்குச் சோற்றை நிறுத்தும் முன்

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டை மேசைமேல் வைத்தார். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். "சோத்த நிறுத்தி மூணு மாசம் ஆச்சுங்க. அப்பவும் சாயங்காலம் ஆனா வயிறு பானையாட்டம் உப்பிக்குது" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். காலையில் பெரிய டம்ளரில் பால், பதினொரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் நான்கு சப்பாத்தி, வெங்காயத் தொக்கு. இரவும் சப்பாத்திதான், கூடவே பூண்டு தட்டிப் போட்ட பருப்பு.

கும்பகோணத்தில் உணவு ஆலோசனை சொல்லும் எனக்கு இது பழகிப்போன பட்டியல். நெல் விளைகிற ஊரிலேயே, வயிறு கெட்டால் முதல் பழி சோற்றின் மேல்தான். ஆனால் சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறவைதான் பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகின்றன. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி (என்சைம்) மனிதர் யாருக்குமே கிடையாது. பயறு, கடலையில் இருக்கும் சில சர்க்கரைகளும் அப்படித்தான். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை, அதற்கான நொதி குறைந்தவர்களுக்கு மட்டும் தொல்லை. ஃப்ரக்டானும் பயறும் எல்லாருக்கும் வாயு உண்டாக்கும். சாதாரண வாயுவையே அதிகமாக உணரும் குடல் உள்ளவர்களுக்குத்தான் அது வலியாகிறது. சுலபமாகச் செரிப்பதை எடுத்துவிட்டு, நொதிப்பதையெல்லாம் அவர் இரட்டிப்பாக்கியிருந்தார்.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபோட்மேப் முறை இந்த நொதிக்கும் சர்க்கரைகளைத்தான் குறைக்கிறது. அதில் அரிசிக்குத் தடையில்லை. இரண்டு முதல் ஆறு வாரம் குறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒதுக்கியே வைத்தால் பிஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாக்கள் பட்டினி கிடந்து குறைந்துபோகும்.

அரிசி உட்பட எல்லாத் தானியத்தையும் விலக்கும் எஸ்.சி.டி. (ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்) உணவுமுறையைக் கேட்டும் வருகிறார்கள். க்ரோன் குடல் அழற்சி உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தானியத்தை விலக்காத மத்தியதரைக்கடல் உணவைவிட அது கூடுதல் பலன் தரவில்லை. எனவே அந்தக் கடும் பத்தியத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் பத்தியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடக்கூடும்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? மதியம் சோறு, மோர் ரசம், புடலங்காய்ப் பொரியல். பாலுக்குப் பதில் தயிர். நான்கு வாரம் வெங்காயம், பூண்டு, சுண்டல் வேண்டாம். துவரம்பருப்பு கொஞ்சமாக, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டுத் தாளிக்கச் சொன்னேன்; வாசனைக்குக் குறையில்லை.

அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். அரை டம்ளர் பால் ஒத்துக்கொண்டது. ஒரு சப்பாத்தியும் சரிதான். சாம்பாரில் சின்ன வெங்காயம் இரண்டு வரை தாங்குகிறது, நான்கு போட்டால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடுகிறது. இப்போது நோட்டில் அதையும் எண்ணி எழுதி வருகிறார்.