குளிர்காலத்தில் கடற்கரையில் தூண்டில் போட விரும்புவோருக்கு: அனுமதிச் சீட்டும் ஷாட் மீன் விதிகளும்

மே முதல் ஜூலை வரை, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பக்கத்துக் குளிர்ந்த நீரோடு மத்திக் கூட்டம் குவாசூலு-நட்டால் கரையை நோக்கி வருகிறது. அதைத் தின்ன ஷாட், கேரிக் போன்ற மீன்களும் பின்தொடர்ந்து வருகின்றன. டர்பனிலும் தென்கரை ஊர்களிலும் முதல்முறையாகத் தூண்டில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வாங்குகிறார்கள். தூண்டிலை வாங்கும்போதே அனுமதிச் சீட்டையும் வாங்கிவிடுங்கள்.

1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் வளங்கள் சட்டப்படி, பொழுதுபோக்குக்காகக் கரையில் தூண்டில் போடுகிறவருக்கும் சீட்டு கட்டாயம். தபால் நிலையங்களில் கிடைக்கும். மீன்வளத் துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுச் சீட்டும் உண்டு, குறுகிய காலச் சீட்டும் உண்டு. ஒரு குளிர்காலத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஓராண்டுச் சீட்டே நல்லது.

சீட்டு ஒரு குடும்பத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே செல்லும். தாத்தாவின் சீட்டை வைத்துக்கொண்டு பேரன் தூண்டில் போட முடியாது. மீன் பிடிக்கும்போது சீட்டு உங்களிடமே இருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது வீட்டில் இருக்கிறது என்று சொல்வது உதவாது. தூண்டிலுக்கான சீட்டு, தூண்டிலுக்கு மட்டுமே. பாறையில் சிப்பி எடுக்கவும், சிங்கி இறால் பிடிக்கவும், வீச்சு வலை போடவும் தனித்தனி அனுமதி வேண்டும். இரைக்காக நாலு சிப்பி பெயர்த்தாலும் விதி மாறாது. கடையில் வாங்கும் உறைந்த மத்தியை இரையாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. தொடங்குகிறவருக்கு அதுவே போதும்.

இனி ஷாட். அரசுத் தாள்களில் இதை எல்ஃப் என்றும் எழுதியிருப்பார்கள். ஒருவர் ஒரு நாளில் 4 ஷாட் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் உடனே கடலில் விட வேண்டும். கையை ஈரமாக்கிக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி, மெதுவாக விடுங்கள்; மணலில் புரண்ட மீன் பிழைப்பது அரிது. கேரிக் என்றால் ஒரு நாளுக்கு 2, குறைந்தது 70 சென்டிமீட்டர். ஓர் அளவு நாடா பையில் இருக்கட்டும், கண்ணளவை நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போகும் வரை தலையையும் வாலையும் வெட்டாமல் வையுங்கள். செவன்டி-ஃபோர், பொட்டேட்டோ பாஸ், பிரிண்டில் பாஸ் ஆகிய மீன்களை வைத்துக்கொள்ளவே கூடாது. எந்த மீன் என்று தெரியாவிட்டால் விட்டுவிடுவதே சரி.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷாட் பிடிக்கத் தடை. நம் வீடுகளில் இதுதான் இடிக்கிறது. புரட்டாசி முழுவதும் மரக்கறி உண்டு விரதம் இருந்தவர்கள், அக்டோபர் நடுவில் விரதம் முடிந்ததும் முதலில் தேடுவது புளி ஊற்றிய மீன்குழம்பைத்தான். அந்த நேரத்தில் கரையில் ஷாட்டும் இருக்கும். ஆனால் அது முட்டையிடும் காலம். 1970-களில் ஷாட் மிகவும் குறைந்துபோனது. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடுகளால்தான் மீண்டும் பெருகியது. அந்த இரண்டு மாதங்களில் தவறுதலாக முள்ளில் சிக்கினாலும் விட்டுவிட வேண்டும். குழம்புக்கு வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம்.

பிடித்த மீனை விற்கவோ பண்டமாற்று செய்யவோ இந்தச் சீட்டு அனுமதிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு இரண்டு மீன் கொடுப்பது வேறு, காசு வாங்குவது வேறு. மீன் விற்றுப் பிழைப்பவர்களுக்கு இந்தச் சீட்டு பொருந்தாது. டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் வலை இழுத்து வாழ்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாரிசுகள் நம்மிடையே இருக்கிறார்கள். கடலை நம்பி வாழும் இத்தகையோருக்காக 2014-இல் சட்டத்தைத் திருத்திச் சிறுதொழில் மீனவர் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த உரிமை தனி ஆளுக்குக் கிடைப்பதில்லை, சமூகக் கூட்டுறவுச் சங்கத்துக்கே கிடைக்கிறது. ஆகவே அந்த வழியில் போக நினைப்பவர் முதலில் தம் பகுதியில் சங்கம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பொழுதுபோக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு விற்றால் பிழைப்பும் போய் வழக்கும் வரும்.

டிரோன் மூலம் இரையைக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போடுவது சட்டவிரோதம் என்று 2022-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைக்காரர் என்ன சொன்னாலும் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். மணலில் வண்டி ஓட்டவும் 2002 முதல் தடை உண்டு. நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். உம்கோமாஸ், ஸ்காட்பர்க் பக்கம் போகிறவர்கள் அலிவால் ஷோல் என்ற கடல் பாதுகாப்புப் பகுதியின் எல்லைகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புப் பகுதிகளில் சில இடங்களில் சீட்டு இருந்தாலும் மீன் பிடிக்கக் கூடாது.